வாசலிலிருந்து தொடங்கும் வழி: பாதை தேடித் தரும் செயலிகள் பற்றிய ஒரு மதிப்பாய்வு

காலையில் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, கண்ணுக்கு இதமான ஒரு வழியில் நடந்தோ ஓடியோ, சில நாள்களில் சைக்கிள் மிதித்தோ, வேலைக்கு நேரமாவதற்குள் திரும்பிவிட வேண்டும். தொலைவில் உள்ள மலையையும் அருவியையும் காட்டித் தர எத்தனையோ வழிகாட்டிகள் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உள்ளதைக் காட்டித் தரும் ஒன்று. அந்தத் தேவையையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பாதை தேடித் தரும் செயலிகளையும் வரைபடங்களையும் ஏறத்தாழ ஓராண்டாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். அவற்றுள் சந்தா கேட்டவையும் இருந்தன, எதுவும் கேட்காதவையும் இருந்தன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழகான படங்களும் நட்சத்திரங்களும் கொண்ட செயலிகளைவிட, தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வெறும் வரைபடமே எனக்கு அதிகம் உதவியது.

பக்கத்தில் என்பதை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையான வெளிகளில் கழிப்பவர்கள், அறவே செல்லாதவர்களைவிடத் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகக் கூறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பல தவணைகளாகப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே செல்கிறார்கள் என்றும் இதற்கு விளக்கம் சொல்லலாம் என்பதால், இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கணக்கு எளியது. முக்கால் மணி நேரம் வாரத்துக்கு மூன்று முறை என்றால் 135 நிமிடம். நான்கு முறை என்றால் 180 நிமிடம் ஆகி, உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புக்குள்ளும் வந்துவிடும், நடையில் சற்று வேகம் இருந்தால். வண்டி எடுத்துப் போய்ச் சேர வேண்டிய இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாரத்துக்கு நான்கு முறை நாம் போகப்போவதில்லை. ஆகவே, ஒரு செயலி என் வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எனக்குத் தெரியாத எதையாவது காட்டுகிறதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது.

இரண்டாவது கேள்வி அழகைப் பற்றியது. அது அவரவர் ரசனை என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரிட்டனில் பொதுமக்களிடம் இடங்களின் ஒளிப்படங்களைக் காட்டி, ஒன்றிலிருந்து பத்துக்குள் அழகு மதிப்பெண் கேட்ட ஓர் இணைய விளையாட்டு இருந்தது. அவ்வாறு மதிப்பெண் பெற்ற 2,00,000க்கும் மேற்பட்ட படங்களைக் கணினியைக் கொண்டு அலசி 2017இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு என் எண்ணத்தை மாற்றியது. பள்ளத்தாக்கும் கடற்கரையும் மலையும் உயர்ந்த மதிப்பெண் பெற்றதில் வியப்பில்லை; ஆனால் பழைய கோபுரங்களும் வளைவுகள் கொண்ட உயர்பாலங்களும்கூட மதிப்பெண்ணைக் கூட்டின, தட்டையாக விரிந்து கிடக்கும் வெறும் புல்வெளியோ அதைக் குறைத்தது. பச்சையாக இருப்பதெல்லாம் அழகாகத் தோன்றுவதில்லை என்று இதற்குப் பொருள். வரைபடத்தில் பச்சைத் திட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நான் அதன்பின் நீலக் கோடுகளையும், சரிவைக் காட்டும் வகையில் நெருங்கி வரும் சமஉயரக் கோடுகளையும், நீரைக் கடக்கும் பாலங்களையும் தேடத் தொடங்கினேன். பலன் உடனே தெரிந்தது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் பகுதிகளை நடந்தும், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தும் வரைந்து சேர்க்கும் வரைபடம் இது. யாரும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். கார் ஓட்டுபவரை மனத்தில் வைத்து வரையப்படும் வரைபடங்களில் வெற்றிடமாகக் கிடக்கும் இடங்களில், இது புள்ளிக்கோடுகளாக ஒற்றையடிப் பாதைகளைக் காட்டுகிறது. அந்தக் கோட்டைத் தேர்ந்து விவரம் கேட்டால், பாதையின் தளம் மண்ணா சரளையா தாரா, அகலம் எவ்வளவு, இரவில் விளக்கு எரியுமா, சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பவை, யாரேனும் பதிந்து வைத்திருந்தால், வரிசையாக வரும். பெஞ்சும் குடிநீர்க் குழாயும்கூடப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கெனத் தனி அடுக்கு இருக்கிறது. அதில் ஏற்ற இறக்கமும் சைக்கிள் தடங்களும் முன்னால் வந்து நிற்கும்.

இதை வைத்துத்தான் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு கால்வாய்க் கரைக்கும் நீண்ட மதில் சுவருக்கும் நடுவே ஓடும் ஒரு பாதையைக் கண்டுபிடித்தேன். பல ஆண்டுகளாக அதே பகுதியில் வசித்தும் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஒருபுறம் நீர், மறுபுறம் மரக்கிளைகள் எட்டிப் பார்க்கும் பழைய சுவர், நடுவே இருவர் ஒதுங்கி நடக்கும் அளவுக்கு மண்தடம். வேறு எந்தச் செயலியும் இதை எனக்குப் பரிந்துரைக்கவில்லை. அதற்குக் காரணமும் பின்னால் புரிந்தது: அந்தப் பாதைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத இடத்துக்கு யாரும் படம் ஏற்றுவதில்லை, விமர்சனம் எழுதுவதில்லை. விமர்சனம் இல்லாததைப் பரிந்துரைப் பட்டியல் தூக்கிப் பிடிப்பதும் இல்லை. நம் வீட்டைச் சுற்றியுள்ள நல்ல வழிகளில் பாதி இப்படிப் பெயரற்றவை என்பது என் அனுமானம்.

குறைகளும் உண்டு. இந்த வரைபடம் எதையும் பரிந்துரைக்காது. நாமேதான் கண்ணால் துழாவிக் கோடுகளை இணைத்துச் சுற்றுவழி அமைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பொறுமை தேவை. தன்னார்வலர் அதிகம் உள்ள பகுதியில் பெஞ்சு வரை பதிவாகியிருக்கும். ஆள் இல்லாத பகுதியில் தெருவே விடுபட்டிருக்கும். தனியார் நிலத்துக்குள் நுழையும் பாதையும் பொதுப்பாதையைப் போலவே சில இடங்களில் வரையப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் இதே தரவை இணைய இணைப்பு இல்லாமல் பார்க்க ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி போதும். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லும் நச்சரிப்பும் இல்லை.

அடுத்து, வழித்திட்டம் போட்டுத் தரும் செயலிகள். 2010இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட கோமூட் இந்த வகையில் தெளிவானது. அதுவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மீதே இயங்குகிறது என்றாலும், நாம் அமைக்கும் வழியில் எவ்வளவு தூரம் தார்ச்சாலை, எவ்வளவு தூரம் சரளை, எவ்வளவு தூரம் மண்பாதை என்று பிரித்துக் கணக்குக் காட்டும் வசதி ஒன்றுக்காகவே அதைப் பாராட்டலாம். மெல்லிய டயர் கொண்ட சைக்கிளில் போகிறவருக்கு மூன்று கிலோமீட்டர் சரளை இருக்கிறது என்பது கிளம்பும் முன்பே தெரிய வேண்டிய செய்தி. நடையா, ஓட்டமா, சாலைச் சைக்கிளா, மலைச் சைக்கிளா என்று மாற்றினால் அதே இரு புள்ளிகளுக்கு இடையே வழியும் மாறுகிறது. அரை நாள் ஒதுக்கி நாற்பது கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். முக்கால் மணி நேர நடைக்கு இத்தனை ஆரவாரம் தேவைப்படவில்லை.

இங்கே பல செயலிகளுக்குப் பொதுவான ஒரு பலவீனத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். என் கால்வாய்ப் பாதையைப் பதிவு செய்தபோது, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு செயலி நான் 70 மீட்டர் ஏற்றம் ஏறியதாகக் காட்டியது. நீர் தேங்கி நிற்கும் சமதளக் கால்வாயின் ஓரத்தில் எப்படி 70 மீட்டர் ஏற முடியும்? பல செயலிகள் உயரத்தைக் கைப்பேசியிடம் கேட்பதில்லை. உயர வரைபடம் ஒன்றில் பார்த்துக்கொள்கின்றன. அவ்வாறு உலகெங்கும் பெரிதும் பயன்படும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்தது. அதில் ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம். ரேடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை, அடர்ந்த மரங்களின் மேற்பகுதியையும் கூரைகளையும் சேர்த்தே பார்க்கிறது. நமது பாதையின் ஒரு புள்ளி நீரை ஒட்டிய கட்டத்திலும் அடுத்த புள்ளி மரக்கூட்டம் உள்ள கட்டத்திலும் விழுந்தால், கணினியின் கண்ணுக்கு நாம் மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டே போகிறோம். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை பிசகும். மரமும் சுவரும் நெருங்கினால் பிசகு இன்னும் கூடும் என்பதால், கட்டம் தாவுவது அடிக்கடி நிகழ்கிறது. பாலத்தின் மீது செல்லும்போது கீழுள்ள பள்ளத்தின் உயரத்தை எடுத்துக்கொண்டு, செங்குத்தாக இறங்கி ஏறியதாகக் காட்டுவதும் இதே கோளாறுதான்.

வேடிக்கையாகத் தோன்றினாலும் நேரக் கணிப்பில் இது இடிக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன பழைய விதி இன்றும் நல்ல தோராயம்தான்: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். இல்லாத 70 மீட்டர் ஏற்றம் என் 45 நிமிடத்தில் ஏழு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. அப்படித் திட்டமிட்டால் கால்வாயின் கடைசி வளைவுக்கு முன்பே நான் திரும்பிவிட வேண்டியிருக்கும். அழகான இடமோ அந்த வளைவுதான். ஆகவே சமதளப் பாதைகளில் ஏற்றக் கணக்கைப் பொருட்படுத்துவதை நான் விட்டுவிட்டேன்.

விமர்சனங்களை நம்பி இயங்கும் செயலிகளில் ஆல்ட்ரெயில்ஸ் முதன்மையானது. 2010இல் தொடங்கப்பட்டது, 2023இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த ஐபோன் செயலி விருதைப் பெற்றது. போய்வந்தவர்கள் எழுதும் குறிப்புகளே இதன் பலம். மழைக்குப் பின் சேறு எவ்வளவு, எந்த இடத்தில் மரம் விழுந்து கிடக்கிறது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது, முந்தைய நாள் போனவர் சொல்வார். மலைப்பாதைக்கோ காட்டுப்பாதைக்கோ கிளம்புகிறவர் இதைப் பார்க்காமல் போகக் கூடாது என்பேன். ஆனால் நட்சத்திர மதிப்பெண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. மதிப்பெண் போடுகிறவர் பெரும்பாலும் ஒருமுறை போய், உச்சியில் நின்று வியந்து திரும்பியவர். தினமும் ஒரே பாதையில் நடப்பவர் அதற்கு விமர்சனம் எழுத வேண்டும் என்று நினைப்பதே இல்லை. எனவே ஆயிரம் நாள் நடந்தாலும் அலுக்காத பாதைக்கு மதிப்பெண்ணே இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போகத் தோன்றாத சிகரம் 4.8 நட்சத்திரத்துடன் பட்டியலின் தலையில் நிற்கும். சுற்றுலாவுக்கு இந்த வரிசை சரி. நாள்தோறும் நடப்பதற்கு இது தலைகீழான வரிசை.

2009இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான பதிவேடு போன்றது. பாதை தேடுவது அதன் முதல் வேலை அல்ல. ஆயினும் பயனர்களின் பதிவுகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதிகம் புழங்கும் வழிகள் ஒளிரும்படி அது வெளியிடும் ஹீட்மேப் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு கோடு வரைபடத்தில் இருந்து, இங்கே இருண்டு கிடந்தால், நடுவில் பூட்டிய கதவு இருக்கலாம் அல்லது புதர் மூடியிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். வரைபடம் பாதை இருப்பதாகச் சொல்கிறது, ஹீட்மேப் அதில் மனிதர்கள் போவதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில்தான் நான் அதிகாலை இருட்டில் கால்வைப்பேன். என் கால்வாய்ப் பாதை அதில் மங்கலாக ஆனால் முறியாமல் ஒளிர்ந்தது. ஒளி அதிகமென்றால் அழகு அதிகம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கடிகாரம் கட்டிக்கொண்டு வேகத்தைப் பதிவு செய்கிறவர்களின் தடங்கள் அவை. சிக்னலில் நிற்காமல் போகக்கூடிய அகலச் சாலையே அவர்களில் பலருக்குப் பிடித்தமானது. சாவகாசமாக நடக்கும் முதியவர்களின் தடம் அதில் விழுவதேயில்லை.

ஸ்ட்ராவாவைப் பற்றிப் பேசும்போது தனியுரிமையை விட்டுவிட முடியாது. அதன் உலக ஹீட்மேப்பில் இராணுவத் தளங்களின் உட்புறச் சாலைகள்கூட, அங்கே ஓடிய வீரர்களின் பதிவுகளால் ஒளிர்வதை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டியபோது பெரும் பரபரப்பு எழுந்தது. நம்மிடம் மறைக்க இராணுவத் தளம் இல்லை என்றாலும் வீடு இருக்கிறது. வாசலிலேயே தொடங்கி வாசலிலேயே முடியும் பதிவுகள், எந்த வீடு, எந்த நேரத்தில் நாம் அங்கே இருப்பதில்லை என்ற இரண்டையும் ஊருக்கு அறிவிக்கின்றன. தொலைவில் வண்டியை நிறுத்தி நடப்பவரைவிட என்னைப் போன்றவருக்கே இது கூடுதல் ஆபத்து. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. முதல் பதிவுக்கு முன்பே அதை இயக்கிவிட வேண்டும்.

தெருவில் நின்று பார்ப்பது போன்ற படங்களைக் காட்டும் கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூ பற்றி ஓரிரு வாக்கியம் போதும். நடைபாதை உடைந்திருக்கிறதா, மரநிழல் சாலையின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம்; படம் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் மறக்காமல் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கார் போகும் இடத்தின் படமே அதில் இருப்பதால், கால்வாய்க் கரை அதன் கண்ணில் படவில்லை.

எனக்குப் பெரிய ஏமாற்றம் வேறொன்று. 2014இல் டேனியல் குவெர்சியா என்ற கணினி ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், இலண்டன் தெருப் படங்களை மக்களிடம் காட்டி எது அழகு, எது அமைதி, எது மகிழ்ச்சி தருகிறது என்று வாக்குக் கேட்டு, அதைக் கொண்டு மிகக் குறுகிய வழிக்குப் பதிலாக மிக இனிய வழியைப் பரிந்துரைக்கும் முறையை உருவாக்கிக் காட்டினார்கள். குறுகிய வழியைவிட அதற்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது சில நிமிடங்களே. அடுத்த ஆண்டுகளில் அதே குழுவினர் நகரத்தின் மணங்களையும் ஒலிகளையும்கூட வரைபடமாக்க முயன்றார்கள். இவ்வளவும் நடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், நான் பயன்படுத்திய எந்தச் செயலியிலும் "அமைதியான வழி" என்று அழுத்த ஒரு பொத்தான் இல்லை. வேகமான வழி, குறுகிய வழி, ஏற்றம் குறைந்த வழி எல்லாம் உண்டு. சந்தா வாங்கும் நிறுவனங்கள் முப்பரிமாண மலைப்படங்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

அதனால் கடைசித் தேர்வைக் கால்களிடமே விட வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் மூன்று வழிகளைப் பொறுக்கி, ஹீட்மேப்பில் சரிபார்த்து, விடுமுறை நாளில் ஒவ்வொன்றையும் ஒருமுறை மெதுவாக நடந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நாம் வழக்கமாகப் போகும் நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம், ஏனெனில் காலை ஆறு மணிக்கு நிழலில் கிடக்கும் கரை எட்டு மணிக்கு வெயிலில் கொதிக்கலாம். சுற்றுவழியை இரு திசையிலும் நடந்து பார்த்தால், ஒரு திசையில் சூரியன் கண்ணில் குத்துவதும் மறுதிசையில் முதுகில் விழுவதும் தெரியும். சைக்கிள் என்றால் எதிர்காற்று போகும்போது இருக்கட்டும், களைத்துத் திரும்பும்போது வேண்டாம். ஓடுகிறவர் மண்தளத்தையே தேடலாம், ஆனால் வேர் துருத்திக்கொண்டிருக்கும் மண்தளத்தைவிடத் தார் மேல். இரைச்சலை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், மனத்தைக் குடையும் எண்ணங்களைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. பங்கேற்றவர்கள் 38 பேரே என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் வாதிடமாட்டேன். என் அனுபவம் அதனுடன் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

மலையேற்றமும் நீண்ட பயணமும் விரும்புகிறவர்கள் ஆல்ட்ரெயில்ஸையும் கோமூட்டையும் வைத்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு அவை நல்ல கருவிகள். நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. கால்வாய்ப் பாதையின் மறுமுனையில் இருந்த இரும்புக் கதவு வரைபடத்தில் இல்லை என்பதைக் கவனித்து, அது இரவில் பூட்டப்படும் என்ற குறிப்புடன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தேன். கடைசி வளைவில் நீரைப் பார்த்தபடி இருக்கும் கல் பெஞ்சையும் சேர்க்க நினைத்து, இரண்டு வாரம் தயங்கினேன். காலை வேளையில் அதில் உட்கார எனக்கு இதுவரை போட்டி இருந்ததில்லை. பிறகு அதையும் சேர்த்துவிட்டேன்.